டீச்சரின் கியர்பாக்ஸும் ஆனிக் கடைசி வெள்ளியும்

போன வாரம் ஒரு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்து ஒன்றில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது, பால்கோவா கிண்டுகிற கொட்டகையிலிருந்து ஒரு வாசம் வந்தது. நல்ல வாசம் இல்லை. யாரோ செல்போனைப் பார்த்துக்கொண்டே துடுப்பைப் போட்டிருக்க வேண்டும், அடிபிடித்துவிட்டது. உள்ளே ஒரு அம்மாள், "சட்டியப் பாக்கச் சொன்னா எங்கலே பாக்க?" என்று வைதுகொண்டிருந்தார். தெருவில் போனவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேகமாக நடந்தார்கள். நான் மட்டும் அங்கேயே நின்று, மூச்சை நன்றாக இழுத்து, மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: பிளேட்டு கருகியாச்சு.

என்ன செய்வது, இப்படி ஒரு பிறவி. ஊர் உலகமெல்லாம் பால்கோவாவை நினைத்து நாக்கைச் சப்புக்கொட்டும்போது கியர்பாக்ஸை நினைக்கிற ஆள் ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லைக்குள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் மனைவி இதைப் பற்றி வெளியாட்களிடம் பேசுவதில்லை.

விஷயம் இதுதான். ஆட்டோமேட்டிக் கார்களின் கியர்பாக்ஸுக்கு ஒரு தனி எண்ணெய் உண்டு. புதிதாக ஊற்றும்போது மாதுளைச் சாறு போலச் சிவப்பாக இருக்கும். உள்ளே வட்ட வட்டமான பிளேட்டுகள் அப்பளக்கட்டு போல அடுக்கியிருக்கும். எண்ணெயின் அழுத்தம் அவற்றை இறுக்கிப் பிடித்தால் கியர் தானாக விழும், விட்டால் விலகும். பிடி சரியாக விழாமல் வழுக்கினால் பிளேட்டு தேயும், சூடேறும், கருகும். எண்ணெய் டீ நிறத்துக்கு வரும். அப்போது அளவுகோல் கம்பியை உருவி முகர்ந்தால், சாட்சாத் இந்த அடிபிடித்த கோவா வாசம் அடிக்கும். இந்த வாசத்தை நான் முதன்முதலில் பயந்து முகர்ந்தது பத்மா டீச்சரின் காரில். அதுவும் நானே பிரித்து, நானே பூட்டி, நானே பெருமைப்பட்டுக்கொண்ட கியர்பாக்ஸில்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோயம்புத்தூரில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற ஒரு பட்டறையில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் பாதி நாள் எனக்குக் கிடைத்த வேலை சாமான்களைக் கழுவுவது. "பிரிக்கவும் பூட்டவும் எவனும் படிச்சுக்கிடுவான். கழுவுறதுதான் வேலை" என்பார் அங்கிருந்த ஃபோர்மேன். என்னை ஏமாற்றிக் கழுவ விடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ராஜபாளையத்துக்குத் திரும்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து, 'இங்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரித்துப் பூட்டப்படும்' என்று போர்டு மாட்டினேன். ஊரில் அப்போது ஆட்டோமேட்டிக் கார்களை விரல்விட்டு எண்ண ஒரு கை போதும். எதிர்த்த டீக்கடைக்காரர் போர்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "பிரிப்ப, சரி. பூட்டிருவியா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கை விரல்களில் ஒன்றுதான் டீச்சரின் வண்டி. டீச்சருக்கு வீடு ராஜபாளையத்தில். வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், வகுப்பில் இரண்டையும் கலந்து கோபம் என்று அவரிடம் படித்த பெண்கள் சொல்வார்கள். சின்ன வயசில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போனது. தடி ஊன்றி நடப்பார். நடப்பதைப் பார்த்து யாராவது 'உச்' கொட்டினால் அதே தடியைக் காட்டிப் பேசுவார்.

இருபது வருஷமாக அவரைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டதும் கூட்டிவந்ததும் அவருடைய அண்ணன் ரங்கராஜு அண்ணாச்சி. சோழபுரம் பக்கம் வயலும் தென்னந்தோப்பும் உள்ளவர். ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். அதன் கியர் லீவரை இரண்டு கையாலும் பிடித்து, மாட்டைத் தொழுவத்தில் தள்ளுவது போலத் தள்ள வேண்டும். தங்கை மேல் உயிரையே வைத்திருந்த மனிதர். ஆனால் தோப்பில் தேங்காய் வெட்டு நடந்தால், ஆறரை மணிக்கு மேல்தான் தங்கை ஞாபகம் வரும். டீச்சர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "இருவது வருசமா சாயந்தரம்னு ஒண்ணு எனக்குக் கெடையாது தம்பி. ஸ்கூல் கேட்டுல உக்காந்து ரோட்டப் பாத்ததுதான். ரோட்டுல போற வண்டி நம்பர எல்லாம் மனப்பாடமாச் சொல்லுவேன்."

நாற்பத்தைந்து வயதில் அவர் துணிந்து ஒரு காரியம் செய்தார். மதுரையில் யாரோ விற்ற ஒரு பழைய வெள்ளை ஆட்டோமேட்டிக் காரை வாங்கினார். கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை. பள்ளி மைதானத்தில் ஓட்டிப் பழகி, லைசென்ஸும் எடுத்தார். அண்ணாச்சிக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "ரெண்டு காலும் நல்லா இருக்கவனே பள்ளத்துல விடுதான்" என்று ஊர் பூராவும் சொல்லிப் பார்த்தார். டீச்சர் காதில் வாங்கவில்லை. ஆறு மாதம் ராணி மாதிரி போய்வந்தார். ஏழாம் மாதம், பழைய சொந்தக்காரர் எண்ணெயே மாற்றாமல் ஓட்டிய பாவம் வெளிவந்து, கியர்பாக்ஸ் நடுரோட்டில் படுத்துவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தது அண்ணாச்சியின் ஜீப். அண்ணாச்சி முகத்தில், சொன்னேன்ல என்று எழுதி ஒட்டியிருந்தது.

நான் தனியாகப் பிரித்த முதல் கியர்பாக்ஸ் அது. மூன்று வாரம் ஆனது. புதுப் பிளேட்டு, புது சீல் எல்லாம் சென்னையிலிருந்து வரவழைத்தேன். உள்ளே இருந்த ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவி, வேட்டித்துணி விரித்து வரிசையாக அடுக்கிவைத்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கட்டும் என்று கொட்டகை வாசலிலேயே வைத்துப் பூட்டினேன். கடைசியில் பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை. கியர்பாக்ஸ் எண்ணெய் சூடு தணிவதற்காக, இரண்டு குழாய் வழியாக ரேடியேட்டரின் அடியில் இருக்கும் ஒரு சின்னக் கூலருக்குப் போய்த் திரும்பும். பழைய பிளேட்டு கருகியபோது உதிர்ந்த தூளும் மண்டியும் அந்தக் கூலருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். கம்ப்ரசர் காற்றை வைத்து அதை ஊதிக் கழுவி எடுத்த பிறகுதான் குழாய்களைப் பூட்ட வேண்டும்.

நாளோ ஆனி மாதக் கடைசி வெள்ளி. மறுநாள் ஆடி பிறக்கிறது. அண்ணாச்சி காலை எட்டரைக்கே பூ, தேங்காய், எலுமிச்சம்பழம் சகிதமாக வந்துவிட்டார். "தம்பி, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன வண்டி எடுத்தாகணும். விட்டா ஆடி. ஆடியில எங்க வீட்டுல ஆணி கூட வாங்க மாட்டோம். பொறவு ஆவணிதான்" என்றார். பழைய வண்டிக்கு எதற்கு அண்ணாச்சி நேரம் என்று கேட்டேன். உள்ளே இருப்பது புதுசுதானே என்று மடக்கினார். ஆவணி என்று கேட்டதும் டீச்சர் என்னைப் பார்த்தார். இன்னும் ஒரு மாதம் கேட்டில் உட்கார வேண்டுமா என்று அந்தப் பார்வை கேட்டது.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த நாட்களில் கரண்ட் எப்போது போகும் என்று கேட்பதை விட்டுவிட்டு எப்போது வரும் என்றுதான் ஊரில் கேட்டுக்கொள்வோம். அன்றைக்கு எட்டு மணிக்குப் போனது. பதினொன்றுக்குத்தான் வரும். கரண்ட் இல்லாமல் கம்ப்ரசர் இல்லை, கம்ப்ரசர் இல்லாமல் காற்று இல்லை. பத்தரைக்கு ராகுகாலம். கூலரையும் பார்த்தேன், அண்ணாச்சியின் கைக்கடிகாரத்தையும் பார்த்தேன். சரி, அடுத்த சர்வீஸில் கழுவிக்கொள்ளலாம் என்று குழாய்களைப் பூட்டிவிட்டேன். பத்து இருபதுக்கு நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தோம். டீச்சர் கியரை டி-யில், அதாவது முன்னே ஓட்டும் இடத்தில், போட்டதும் வண்டி வெண்ணெய் போல நகர்ந்து நாலையும் நசுக்கியது. அண்ணாச்சி தேங்காயை ஓங்கி அடித்தார். நான் கும்பிட்டேன்.

நாலு மாதம். அந்த நாலு மாதத்தை எங்கள் தொழிலின் நாலு வாக்கியங்களை வைத்தே ஓட்டினேன். மெக்கானிக் என்று பிறந்த எல்லோருக்கும் இந்த வாக்கியங்கள் மனப்பாடம். ஸ்பானர் பிடிக்கத் தெரிவதற்கு முன்பே வாயில் வந்துவிடும்.

ஆவணியில் டீச்சர் முதன்முதலாக வந்தார். அறிவியல் டீச்சர் அல்லவா, 'வண்டி ஒரு மாதிரியா இருக்கு' என்று மொட்டையாகச் சொல்ல மாட்டார். "டி போட்டுட்டு மனசுக்குள்ள எண்ணுதேன். மொத வாரம் எண்ணவே விடல, உடனே நகந்துச்சு. இப்ப ஒண்ணு, ரெண்டு எண்ணுன பொறவுதான் இழுக்குது. காலைல முத தடவ போடும்போது மட்டும்" என்றார். நான் கம்பியை உருவிக்கூடப் பார்க்காமல், "புதுப் பிளேட்டு டீச்சர். ஓட ஓட செட் ஆயிரும்" என்றேன். அவர் நம்பிக்கொண்டு போனார்.

புரட்டாசியில் எண்ணிக்கை மூன்றானது. கூடவே இன்னொன்றும் சேர்ந்தது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறுகிற இடத்தில் என்ஜின் மட்டும் வீணாகக் கத்துகிறதாம், வண்டி வேகம் எடுப்பதில்லையாம். 'எல்லா வண்டியிலும் இது உண்டு' என்று அனுப்பிவைத்தேன். அனுப்பிவிட்டேனே தவிர, கூலர் ஞாபகம் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை வண்டியை நிறுத்தச் சொல்லி, அடிபிடித்த கோவா வாசம் அடித்த எண்ணெயை வடித்து, அடித்தட்டைக் கழற்றினேன். தட்டுக்குள் ஒரு காந்தம் இருக்கும். அதில் திருநீறு குழைத்தது போலச் சாம்பல் பூச்சு இருந்தால் பயமில்லை, எல்லா கியர்பாக்ஸிலும் படிவதுதான். எனக்கு அதில் பளபளவென்று இரும்புத் துணுக்குகள் தெரிந்தன. மூலையில் காப்பித்தூள் மண்டி போலக் கறுப்பாக ஒதுங்கியிருந்தது. அது புதுப் பிளேட்டின் தூள் மட்டும் இல்லை, பழைய குப்பை. கூலருக்குள் உட்கார்ந்திருந்தது சுற்றிச் சுற்றி உள்ளே வந்து, எண்ணெய் போகிற வழிகளை அடைத்து, புதுப் பிளேட்டுகளையும் தின்றுகொண்டிருந்தது. கூலரைக் கழுவாத கை எது என்று எனக்குத் தெரியும். அது அப்போது காந்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி?" என்றார் டீச்சர், நாற்காலியில் உட்கார்ந்தபடி.

காந்தத்தைத் துணியில் துடைத்தேன். "கம்பெனியிலயே அப்படித்தான் டீச்சர்" என்றேன். அது மூன்றாவது வாக்கியம். புது எண்ணெய் ஊற்றினேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றியது போலத்தான்.

நாலாவது வாக்கியத்தைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஐப்பசியில் மழை தொடங்கியிருந்தது. வண்டி நாற்பதில் போகும்போது கல்லுக்குழியில் ஏறியது போல நடுங்குகிறது என்று டீச்சர் வந்தார். கூடவே அண்ணாச்சியும் வந்திருந்தார். அவருக்கு முன்னால் என் முதல் கியர்பாக்ஸ் கெட்டுப்போனது என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. வாயில் வந்தது இதுதான்: "டீச்சர் ஆக்சிலேட்டர ஒரே அமுக்கா அமுக்குதாவ அண்ணாச்சி. ஓட்டுற விதத்துல இருக்கு."

டீச்சர் வாதாடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எதற்கும் வாதாடுகிற மனுஷி, தடியை ஊன்றி எழுந்து, மெதுவாகப் போய்க் காரில் உட்கார்ந்தார். அண்ணாச்சி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். இத்தனை நாளாக அவர் சொல்லிவந்ததற்குப் படித்த மெக்கானிக் ஒருவன் சாட்சி சொல்லிவிட்டான்.

அதிலிருந்து டீச்சர் முப்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரைக்கும் அவருக்குப் பின்னால் பஸ்கள் ஆரன் அடித்துக்கொண்டே வரும். கொட்டகையில் இருந்தபடியே அந்த ஆரன் சத்தத்தை வைத்து டீச்சர் வருகிறார் என்று தெரிந்துகொள்வேன். அப்புறம் ஒரு வாரம் அந்தச் சத்தமும் இல்லை.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் லேத்து வேலைக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். சாயந்தரம் ஆறு மணி இருக்கும், தூறல் வேறு. பள்ளிக்கூட கேட்டில், பூட்டிய கதவுக்கு வெளியே, சிமெண்டுத் திண்டில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மடியில் பை. தலைக்கு மேல் குடை. பக்கத்தில் வாட்ச்மேன், வீட்டுக்குப் போக முடியாத கடுப்பில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் பைக்கை நிறுத்தினேன்.

"வண்டி எங்க டீச்சர்?"

"வீட்டுல நிக்குது. அண்ணன் வாரேன்னு சொன்னாரு. தோப்புல ஆளு வந்திருக்காம்." குடையைச் சற்றுச் சாய்த்து என்னை நனையாமல் நிற்கச் சொன்னார். "கார அண்ணன் விக்கச் சொல்லுதாரு தம்பி. நானும் சரின்னுட்டேன். நீ எம்புட்டு கஷ்டப்பட்டுச் செஞ்ச, நான் பாத்தேன்ல. வாசல்ல துணி விரிச்சு ஒவ்வொண்ணா அடுக்கி வச்சு... என் காலுக்குப் பதம் தெரியல. ஒன் வேலையக் கெடுத்துட்டேன், மனசுல வச்சுக்காத."

இங்கே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்லவில்லை. "டீ வாங்கிட்டு வரட்டுமா டீச்சர்?" என்று கேட்டேன். வீரத்தில் எனக்கு அவ்வளவுதான் சரக்கு. வீட்டுக்கு வந்து படுத்தேன். என் வேலை கெட்டதற்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி காரை மெதுவாக உருட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். கூடவே தளவாய்புரத்துப் புரோக்கர் ஒருவர். டீச்சர் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சொந்தக் காரில் அந்தப் பக்கத்தில் அவரை நான் பார்த்தது அன்றுதான்.

புரோக்கர் கம்பியை உருவி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைக் கோணினார். "இப்பத்தான கியர்பாக்ஸ் வேலை பாத்ததுன்னிய. அதுக்குள்ள ஏன் கருகிப் போச்சு?"

"தங்கச்சி ஓட்டுன ஓட்டு அப்படி" என்றார் அண்ணாச்சி. "நம்ம தம்பியே சொல்லியாச்சு. என்ன தம்பி?"

டீச்சர் தலையைக் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கு எப்படி வாய் திறந்தது என்று தெரியாது. "டீச்சர் மேல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. அவிய நல்லாத்தான் ஓட்டுனாவ. நான் கூலரைக் கழுவல. பழைய அழுக்கு உள்ள வந்து எல்லாத்தையும் தின்னுருச்சு" என்றேன்.

"ஏமிரா இதி?" என்று தொடங்கினார் அண்ணாச்சி. மீதியையும் தெலுங்கிலேயே சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியாது. அன்றைக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரோக்கர் நைசாகக் கம்பியைச் சொருகிவிட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்தார்.

டீச்சர் கதவைத் திறந்து, தடியை ஊன்றி இறங்கி, என் எதிரே வந்து நின்றார். "எப்பத் தெரியும்?"

"பூட்டுன அன்னைக்கே கழுவலன்னு தெரியும் டீச்சர். புரட்டாசியில தட்டக் கழத்துனப்ப உறுதியாத் தெரிஞ்சுபோச்சு."

"பொறவுதான் எங்க அண்ணங்கிட்ட நான் ஓட்டுறது சரியில்லன்ன."

"ஆமா."

"முப்பதுல ஓட்டுனேனே, பாத்தியா?"

"பாத்தேன்."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் லேசாகப் போயிருக்கும். பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். "ஒன் ஜாப் கார்டு எடு. எழுது." எழுதினேன். கூலரைக் கழுவாமல் பூட்டியது நான், வண்டி ஓட்டியவர் மேல் தவறு இல்லை. கையெழுத்துப் போட்டேன். வாங்கிப் படித்துவிட்டு, பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து நான் விட்டிருந்த ஒரு 'க்' எழுத்தைப் போட்டார். அப்புறம் அந்த அட்டையை அண்ணாச்சி கையில் கொடுத்து, "சத்தமாப் படிங்க" என்றார். அண்ணாச்சி படித்தார். டீக்கடை வரைக்கும் கேட்டது.

மறுபடி பிரித்தேன். இந்தத் தடவை என் செலவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புதுப் பிளேட்டுகளை ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவைத்துப் பூட்டினேன். கூலரைக் கழுவிய அன்றைக்கு அண்ணாச்சி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். ஒரு குழாயில் மண்ணெண்ணெய் விட்டுக் காற்றை ஊதினால் மறு குழாயில் டிக்காஷன் போலக் கறுப்பாகக் கொட்டியது. பிறகு சாம்பலாக, பிறகு மினுமினுப்பாக. தெளிந்த பிறகும், "இன்னொருக்கா" என்றார் அண்ணாச்சி. மூன்று தடவை இன்னொருக்கா. நடுவில் கரண்ட் போனது. அது வரும்வரை இருவரும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

வேலை முடிந்தபோது மார்கழி பிறந்துவிட்டது. சனிக்கிழமை காலை ஒன்பதரை. அண்ணாச்சிக்கு மறுபடி பஞ்சாங்கம் ஞாபகம் வந்துவிட்டது. "மார்கழியில வண்டி எடுக்கக் கூடாதும்மா. தை பொறக்கட்டும். அதுவும் இப்ப ராகுகாலம்."

"நல்லதாப் போச்சு" என்றார் டீச்சர். "எதுக்க வண்டி கொறச்சலா இருக்கும்." என்னைப் பார்த்து, "ஏறுலே" என்றார்.

இடதுபக்க சீட்டில் ஏறினேன். எலுமிச்சம்பழம் இல்லை, தேங்காய் இல்லை. டி-யில் போட்டார், வண்டி எண்ண விடாமல் நகர்ந்தது. இரண்டு. மூன்று. மாறியது எனக்கே தெரியவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் அறுபதில் போனார். ஐப்பசியிலிருந்து அவருக்குப் பின்னால் ஆரன் அடித்துக்கொண்டு வந்த பஸ்களில் ஒன்றை ஆரன் அடித்து முந்தினார். நான் கதவுக்கு மேலிருக்கும் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூட கேட் பூட்டியிருந்தது. அதற்கு முன்னால் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எப்படி ஓட்டுதேன்?"

"நல்லா ஓட்டுதிய டீச்சர்."

"எங்கண்ணங்கிட்ட சொன்னியே, அந்தச் சத்தத்துல சொல்லு."

சொன்னேன். உள்ளே இருந்து வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

அதற்கப்புறம் அந்த கியர்பாக்ஸை நான் திறக்கவே இல்லை. எண்ணெய் மாற்றுவதோடு சரி. அண்ணாச்சிதான் பாவம், சில வருஷத்தில் இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகி, ஜீப்பின் கிளட்சை மிதிக்க முடியாமல் போனார். அவரைத் தோப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனது டீச்சர்தான். இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து, கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போவார். கேட்டவர்களிடமெல்லாம், "எந்தங்கச்சி ஓட்டுனா வயித்துத் தண்ணி ஆடாது" என்பார். பிடியை மட்டும் விட மாட்டார்.

பள்ளி நாட்களில் டீச்சர் என் கொட்டகையைக் கடப்பது சாயந்தரம் அஞ்சேகாலுக்கு. கொட்டகைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகத்தடை உண்டு. அதில் மெதுவாக ஏறி இறங்கி, பிறகு வேகம் எடுக்கும்போது சரியாக என் வாசலில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும். அந்த நேரத்துக்கு நான் என்ன வேலையில் இருந்தாலும் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவேன். முன்பு என்ஜின் வீணாகக் கத்திய இடம் அதுதான். இன்றைக்குக் கத்துகிறதா என்று காது கொடுப்பேன். கத்தாது. மறுபடி சுத்தியலை எடுப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எத்தனை வருஷம் என்று கணக்கு வைக்கவும் இல்லை.

அவர் ஓய்வு பெற்ற அன்றைக்கு, பின்சீட்டில் மாலைகளோடு வந்தவர், முதல் தடவையாக அஞ்சேகாலுக்குக் கொட்டகை வாசலில் நிறுத்தினார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, ஒரு லட்டு டப்பாவை நீட்டினார்.

"நாளையில இருந்து அஞ்சேகாலுக்குச் சுத்தியலக் கீழ வைக்க வேண்டாம், என்ன?"

நான் டப்பாவை வாங்கிக்கொண்டு, தரையில் கிடந்த சுத்தியலைப் பார்த்தேன்.

"தெரியாதுன்னு நெனச்சியாக்கும். மொத மாசமே தெரியும். மெதுவாப் போனா அந்தப் பக்கம் பாலத்துக்கிட்டப் போய்த்தான் மூணுக்கு மாறும். ஒனக்குக் கேக்காது. அதான் தடை தாண்டுனதும் ஆக்சிலேட்டரச் செத்த அமுக்குவேன், ஒன் வாசல்ல மாறட்டும்னு" என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, போகிற போக்கில் ஒருமுறை அமுக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

அண்ணனும் தங்கையும் இப்போது கோயம்புத்தூரில், அண்ணாச்சியின் மகன் வீட்டில் இருக்கிறார்கள். காரை ராணுவத்தில் இருக்கும் ஒருவர் வாங்கி எங்கோ வடக்கே கொண்டுபோய்விட்டார். வேகத்தடையையும் எடுத்துவிட்டார்கள். சாயந்தரம் அஞ்சேகாலுக்கு என் வாசல் வழியே எத்தனையோ ஆட்டோமேட்டிக் வண்டிகள் போகின்றன. எதுவும் எனக்குக் கேட்கட்டும் என்று கியர் மாற்றுவதில்லை.